மல்லிகா நடக்கிறாள்

கொருக்குப்பேட்டை,
ஆடி 5

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் பனியன் துணி மூட்டையும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. மூட்டையை அன்றைக்கே பிரித்துவிட்டேன். கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் பதினைந்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ கேட்டபோதெல்லாம் "பரவாயில்லடா" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் தள்ளினேன். அப்போது நிலைமை அப்படி இல்லை. சொன்னால் நீ பஸ் ஏறி வந்துவிடுவாய், அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு நீ வரக் கூடாது என்றுதான் மறைத்தேன். இப்போது சொல்லலாம். நம் குதிரை மல்லிகா நடக்கிறாள்டா. நேற்றுக் காலையில் கொட்டகையிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பி வந்தாள்.

அம்மாவுக்கு விரலை எடுக்காமலே புண் ஆறி வருகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோயிலில் ஒரு சூடம் ஏற்றினேன். அக்காதான் தினமும் கட்டு மாற்றுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். மாசி மாதக் கடைசி முகூர்த்தம். தண்டையார்பேட்டையில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, சாரட்டை மண்டபத்திலேயே விட்டுவிட்டு, இவளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும். கட்டட வேலை நடக்கிற இடத்தைச் சுற்றி அடித்திருந்த தகரம் ஒன்று காற்றில் படாரென்று அடித்தது. மிரண்டு பின்னால் போனாள். பின்னங்கால் இரண்டு தகரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மாடென்றால் நிற்கும், குதிரை நிற்காது. மாட்டிய காலை உதறி இழுத்தால்தான் அதற்கு உயிர். இழுத்தாள். இடது பின்னங்காலில், பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்குமே ஒரு முட்டு, அதற்குக் கீழே முன்பக்கத் தோல் முழுக்கக் கழன்று, காலுறை நழுவின மாதிரி குளம்புமேல் விழுந்து கிடந்தது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சாரட் ஓட்டும்போது கட்டுகிற ஜரிகைத் தலைப்பாகையை அவிழ்த்து இறுக்கிச் சுற்றினேன். அது எங்கள் அப்பாவுடைய தலைப்பாகை.

தெருவே எழுந்து வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. "இன்னாபா மணி, இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ஊசி போட்டு அனுப்பிடு. அதுக்கும் நிம்மதி, உனுக்கும் நிம்மதி" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஜட்கா காலத்து ஆள் அவர், கால் போன குதிரைகளை நிறையப் பார்த்தவர். எனக்கு அந்த நேரத்தில் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஃபோர் நாட் செவன் லாரி ஒன்றைப் பிடித்து, வைக்கோல் பரப்பி, நாலு பேர் முட்டுக்கொடுத்து ஏற்றி, விடியற்காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவ காலேஜுக்குக் கொண்டுபோனோம். அந்த காலேஜ் 1903-லேயே தொடங்கியது. எங்கள் தாத்தா ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டின காலமெல்லாம் அது இருந்திருக்கிறது. ஆனால் அவர் ஒரு நாளும் குதிரையை அங்கே கொண்டுபோனதாக நான் கேட்டதில்லை. அவருக்கு லாடம் அடிக்கிறவர்தான் டாக்டர்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். எலும்பு உடைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், இல்லை. மூட்டுக்குள் காயம் போயிருக்கிறதா என்று பார்த்த விதம் எனக்குப் புதிது. காயம் இல்லாத பக்கத்திலிருந்து மூட்டுக்குள் ஊசியால் சலைன் ஏற்றி, அது காயத்தின் வழியாகக் கசிகிறதா என்று பார்த்தார்கள். கசியவில்லை. அப்புறம் தசைநாண். முன்பக்கத்தது அறுந்துபோயிருந்தது. "பின்பக்கத்தது அறுந்திருந்தா நானே உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன் அண்ணா. முன்பக்கம் போனா, குளம்ப வீசி வைக்கக் கத்துக்கும்" என்றார். தொங்கின தோலில் கொஞ்சம்தான் உயிர் இருந்தது. அதைத் தைத்து, மீதியைத் திறந்தே விட்டார்கள். வீட்டு மிருகங்களிலேயே குதிரைக்குத்தான் டெட்டனஸ் சுலபமாக வருமாம், அதனால் அதற்கு ஊசி முதலிலேயே போட்டுவிட்டார்கள்.

குதிரைக் கால் புண் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்று கேட்டிருந்தாய். முட்டுக்குக் கீழே சதையே கிடையாதுடா. தோல், நாண், எலும்பு, அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. புண்ணின் வாயை மூடிக்கொள்ளத் தோலும் மிச்சம் இல்லை. முதல் பதினைந்து நாள் காயம் சின்னதாகவில்லை, பெரிதாகிக்கொண்டே போனது. நான் ஏதோ தப்பு செய்கிறேன் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. இந்த இடத்துக் காயம் முதலில் விரிந்துதான் அப்புறம் சுருங்க ஆரம்பிக்கும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

கட்டு கட்டுவதுதான் பெரிய வேலை. பெரிய சிரிஞ்சில் சலைன் எடுத்துப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மருந்து வலை, அதன்மேல் பஞ்சு ரோல், அதன்மேல் உன் பனியன் துணி, கடைசியாக கிரேப் பேண்டேஜ். இறுக்கினால் நாண் நசுங்கும், தளர்த்தினால் நழுவிப் போய்ப் புண்ணிலேயே உரசும். முதல் வாரத்தில் எனக்கு ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது பத்து நிமிடம். அக்காவுக்கும் இப்படித்தான் கை பழகியிருக்கும். உன் துணியை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். கடையில் விற்கிற எதுவும் அந்த மாதிரி காலோடு சேர்ந்து கிடக்கவில்லை. திருப்பூரில் வேஸ்ட் என்று தள்ளுகிற துணி இங்கே ஒரு காலைக் காப்பாற்றியிருக்கிறது.

மூன்றாம் வாரத்தில் சதை வளர ஆரம்பித்தது. சிவப்பாக, பூக்கோசு மாதிரி, தோல் மட்டத்துக்கு மேலே எழும்பிவிட்டது. நான் ஆறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அது ஆறுவதே இல்லையாம். சதை மேலே எழும்பினால் ஓரத்திலிருந்து வருகிற தோல் அதன்மேல் ஏற முடியாமல் நின்றுவிடும். அப்பா இருந்திருந்தால் மயில்துத்தத்தைப் பொடித்துத் தூவியிருப்பார். தெருவிலும் அதைத்தான் சொன்னார்கள், ஒருவர் பொட்டலமே வாங்கிவந்து கொடுத்தார். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "சதைய எரிக்கிற மருந்து, பக்கத்துல வர்ற புதுத் தோல மட்டும் விட்டுடுமா அண்ணா?" என்று கேட்டார். அப்பா செய்தது தப்பு என்று என் மனசு ஒப்ப ஒரு நாள் முழுக்க ஆனது. பிறகு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சதையைக் கத்தியால்தான் சீவினார்கள், கீழிருந்து மேலாக, வழிகிற ரத்தம் வெட்டுகிற இடத்தை மறைக்காமல். அதில் நரம்பு கிடையாது. குடம் கவிழ்ந்த மாதிரி ரத்தம் கொட்டுகிறது, இவள் நின்று அறுகம்புல் தின்றுகொண்டிருக்கிறாள். அந்தக் காட்சி எனக்கு மறக்காது.

தீனியும் மாறிவிட்டது. நின்ற இடத்திலேயே நிற்கிற குதிரைக்குக் கொள்ளு கொடுத்தால் வயிற்று வலியும் வரும், துள்ளலும் வரும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "கொள்ளுன்னா வாயத் திறக்கும், கடிவாளம்னா மூடும்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கொள்ளு நாலு மாதமாக இல்லை. புல், வைக்கோல், நனைத்த தவிடு, கொஞ்சம் குதிரைமசால். டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் இன்னமும் திரும்பிப் பார்க்கிறாள், அதுதான் தாங்கவில்லை.

இப்போது அக்கா விஷயம். முதல் நாளே டாக்டரம்மா சொன்னார்: "புண்ணு இருக்கிற கால நீங்க எப்படியும் பாத்துக்குவீங்க. தினமும் காலைல வந்ததும் அந்த நல்ல கால முதல்ல தொட்டுப் பாருங்க." எனக்குப் புரியவில்லை. குதிரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டால் அதன் பாரமும் சேர்ந்து ஜோடிக் கால்மேல் இறங்குகிறது. வாரக்கணக்கில் அப்படி நின்றால், குளம்பின் வெளிக்கூட்டையும் உள் எலும்பையும் ஒட்டிவைத்திருக்கிற சதை வீங்கிப் பிரிந்துவிடும். லேமினைட்டிஸ் என்கிறார்கள். எலும்பு குளம்புக்குள்ளேயே சாய்ந்து இறங்கிவிடுமாம். அமெரிக்காவில் 2006-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த பார்பரோ என்ற குதிரையின் கதையைச் சொன்னார். ஜெயித்த இரண்டாவது வாரமே அடுத்த பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது. ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, மாதக்கணக்கில் பார்த்து அந்தக் காலை ஏறக்குறைய கூட்டிவிட்டார்கள். ஆனால் அடிபடாத இடது பின்னங்காலில் லேமினைட்டிஸ் வந்து, கடைசியில் தேற்ற முடியாமல் 2007 ஜனவரியில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய டாக்டர்கள், பணத்துக்குக் குறைவே இல்லை, அப்படியும்.

அதிலிருந்து வலது காலிலும் கட்டு, அடியில் வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையிலிருந்து இழைப்புச் சீவல் மூட்டை மூட்டையாக வாங்கி முழங்கை ஆழத்துக்குப் பரப்பினேன். அப்படியும் அக்னி நட்சத்திரத்தில் ஒரு விடியற்காலை வலது குளம்பு கைக்குச் சூடாக இருந்தது. குளம்புக்கு மேலே நாடி திம் திம் என்று அடித்தது. போன் செய்தேன். "ஐஸ்ல நிக்க வைங்க, வந்துடறேன்" என்றார். என் பையன் காசிமேட்டுக்கு ஓடினான். மீன்காரப் பெண்மணிகள் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, உடைத்த ஐஸைப் பெட்டி பெட்டியாக ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். ஒருத்தி காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு பகல், இரண்டு ராத்திரி, ஆள் மாற்றி ஆள் நானும் பையனும் ஐஸ் கொட்டிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் சூடு இறங்கியது.

அந்த ராத்திரியில்தான் உன் அக்கா ஞாபகம் வந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று நான் நூறு தடவை கேட்டிருப்பேன், நீயும் சொல்லியிருக்கிறாய். அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. நீ கேட்டாயா? ராத்திரி அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள்? போன தீபாவளிக்கே இடுப்பு வலி என்றாளே, யாராவது பார்த்தார்களா? வாரத்தில் இரண்டு நாளாவது கட்டை நீ மாற்று சேகர். எனக்கு வந்த கை உனக்கு வராதா? வேண்டுமானால் நான் வந்து சொல்லித்தருகிறேன். என் மேல் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இதற்கு நடுவில், சித்திரையிலேயே ஒரு இடத்தில் மட்டும் சீழ் நிற்காமல் வந்து, எக்ஸ்ரே எடுத்து, செத்துப்போன எலும்புச் சில்லு ஒன்றை எடுத்தார்கள். விரல் நகம் அளவுதான். அதை எடுத்த பிறகு புண் வேகமாகச் சுருங்கியது. வைகாசியில் தோல் வைத்தார்கள். கழுத்தில், பிடரி மயிருக்கு அடியிலிருந்து பொட்டுப் பொட்டாகத் தோல் எடுத்து, புண்ணில் குழி போட்டு, நாற்று நடுகிற மாதிரி வரிசையாக நட்டார்கள். முப்பது நட்டதில் இருபதுக்குக் கொஞ்சம் மேலே பிழைத்தது. இப்போது அந்த இடத்தில் மயிர் முளைக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு. ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இன்னும் மூடவில்லை.

நடையும் அப்படித்தான் வந்தது. முதலில் கால் வைக்கும்போது குளம்பு மடங்கிக்கொண்டு முன்பக்கமே தரையில் படும். அதைப் பார்க்கத் தெம்பு வேண்டும். பிறகு ஒரு நாள் தானாகவே காலைக் கொஞ்சம் முன்னால் வீசி, குளம்பு நேராக விழும்படி வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு வாரம் கூட்டி, இப்போது இருபது நிமிடம். ஆடி என்பதால் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், மைக்செட் அலறுகிறது. அதனால் விடியற்காலையில், ரயில்வே கேட் பக்கம் சத்தம் எழும்பும் முன்பே நடத்திவிடுகிறேன்.

மேளத்துக்கு ஆட இனி அவளால் முடியாது. சாரட் இழுப்பதைத் தை மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள், எனக்கு அவசரம் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு வேறு குதிரை வாடகைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீ அனுப்பிய பணத்துக்கு நோட்டில் கணக்கு இருக்கிறது, வேண்டாம் என்று நீ சொல்வாய், ஆனாலும் இருக்கிறது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை இந்த ஆடியிலும் கூடுமே. நாம் இரண்டு பேரும் போய் இவளை வாங்கின சந்தை. நீ பக்கத்தில் இருக்கிறாய், முடிந்தால் ஒரு எட்டுப் போய் வா. கால் சலங்கை வேண்டாம், புதுத் தோல்மேல் எதுவும் உரசக் கூடாது. பித்தளையில் கழுத்து மணி கோத்த வார் ஒன்று பார். சத்தம் மெல்லியதாக இருக்கட்டும், பெரிய சத்தத்துக்கு இன்னும் காதை விறைக்கிறாள். அவள் கழுத்தை அளந்து, உன் பனியன் துணியில் பிரிந்த நூலையே இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்ட இடம்வரை அளவு.

உன்,
மணி