பிளஸ் டூ கணினி ஆசிரியர்களுக்கு: ஸ்கோப் பாடத்தை லேபில் நடத்துங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பின் மூன்றாம் பாடம் வரையெல்லை. பிள்ளைகள் வாயில் அது ஸ்கோப். ஒரு பெயர் நிரலின் எந்தப் பகுதியில் செல்லுபடியாகும் என்பதுதான் அது. அதைக் கரும்பலகையோடு முடித்துவிடாமல் இரண்டு பீரியடாவது லேபில் நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் தெருப் பிள்ளைகள் சிலர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பைத்தான் மொழி ஒரு பெயரை உள்ளூர் (லோக்கல்), சூழ்ந்தது (என்குளோசிங்), குளோபல், உள்ளிணைந்தது (பில்ட்-இன்) என்ற வரிசையில் தேடும் என்கிற எல்.இ.ஜி.பி. விதியைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். நாலு வரி நிரலைக் காட்டி, "இது என்ன காட்டும்?" என்றால் முழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்கோப் மூன்றாம் பாடத்தில் வருகிறது, பைத்தானோ ஐந்தாவதில்தான் தொடங்குகிறது. மூன்றாம் பாடத்தில் இருப்பதெல்லாம் எந்தக் கணினியிலும் ஓடாத சூடோ கோடு. "a" இடத்தில் 7 வைப்பதற்கு அங்கே := குறி போட்டிருக்கும். பைத்தான் 3.8-இல் அந்தக் குறி வந்தது உண்மைதான், ஆனால் புத்தகத்தில் உள்ளபடி தனி வரியாக அடித்தால் பிழை என்றுதான் சொல்லும்! ஏழாம் பாடத்தில் ஃபங்ஷனோடு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) ஸ்கோப் மறுபடியும் வருகிறது. அதற்குள் அது பிள்ளைகளுக்கு மனப்பாடப் பகுதியாகிவிடுகிறது.

பாட வரிசையை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. காலாண்டுத் தேர்வு போர்ஷன் கழுத்தில் கத்தி மாதிரி நிற்கும், தெரியும். லேபில் எதை ஓட்டிக் காட்டுவது என்பதாவது உங்கள் கையில் இருக்கிறதே.

பாலக்கோடு மண்டிக்கு வரும் தக்காளியைக் கணக்கு வைக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே "மொத்தம் = 0" என்று ஒரு மாறி, அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயர். "சேர்" என்று ஒரு ஃபங்ஷன், அது "எடை"யை வாங்கிக்கொள்ளும். உள்ளே ஒரே வரி: "மொத்தம் = மொத்தம் + எடை". 25 கொடுத்து அழைத்தால் என்ன ஆகும்? நான் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், மொத்தம் 25 ஆகும் என்றார்கள். பைத்தான் அந்த வரியிலேயே அன்பவுண்ட்லோக்கல்எரர் (உள்ளூர்ப் பெயருக்கு இன்னும் மதிப்பு இல்லை என்ற பிழை) என்று நின்றுவிடும்.

அந்த வரியை எடுத்துவிட்டு, மொத்தத்தைப் பிரிண்ட் செய்யும் வரியை மட்டும் உள்ளே வைத்தால் சமர்த்தாக 0 காட்டும். அப்புறம் அந்தப் பிரிண்ட் வரிக்குக் கீழே "மொத்தம் = 5" என்று சேருங்கள். இப்போது பிழை வருவது மேலே இருக்கும் பிரிண்ட் வரியில்! இத்தனை நேரம் ஓடிய வரி, கீழே ஒன்று சேர்ந்ததும் ஏன் விழுந்தது? வகுப்பை இந்த இடத்தில் கொஞ்ச நேரம் தவிக்க விடுங்கள். ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்பே பைத்தான் அதன் உடல் முழுவதையும் படித்துவிடுகிறது. ஒரு பெயருக்கு உள்ளே எந்த மூலையிலாவது மதிப்பு கொடுத்திருந்தால், அந்த ஃபங்ஷன் முழுக்க அது உள்ளூர்ப் பெயர். வீட்டுக்குள் "பெரியவனைக் கூப்பிடு" என்றால் அந்த வீட்டுப் பெரியவனைத்தான் தேடுவார்கள். அவன் இன்னும் வந்து சேரவில்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பெரியவனைக் கூட்டி வர மாட்டார்கள். வெளியே மொத்தம் 0 இருந்தும் பைத்தான் அதைத் தொடாத காரணம் இதுதான்.

இந்த இடத்தில், வெளியே உள்ள மாறியையே எடுத்துக்கொள் என்று சொல்லும் "குளோபல்" என்ற சொல்லைக் காட்டினால் பிழை போய்விடும், பிள்ளைகளும் நிம்மதியாகிவிடுவார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அன்றிலிருந்து எந்த ஃபங்ஷன் எழுதினாலும் முதல் வரி குளோபல்தான். பத்து ஃபங்ஷன்கள் ஒரே மாறியில் கை வைத்தால், தப்பான எண் எங்கிருந்து வந்தது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். வேலையில் நாங்கள் படும் பாடு அது. பழைய மொத்தத்தையும் எடையையும் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, புது மொத்தத்தை ரிட்டர்ன் செய்து வாங்கும் முறையை முதலில் பழக்குங்கள். குளோபலை அடுத்த வாரம் காட்டினால் போதும்.

லிஸ்ட் வந்ததும் இன்னொரு குழப்பம் தொடங்கும். வெளியே "பெட்டிகள்" என்று ஒரு காலி லிஸ்ட் (பல மதிப்புகளின் வரிசை) இருக்கிறது. ஃபங்ஷனுக்குள் அதில் அப்பெண்ட் செய்தால் குளோபல் எதுவும் இல்லாமலே வேலை செய்கிறது. "எண்ணுக்கு மட்டும் ஏன் சார் தடை?" என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்பெண்ட் அந்தப் பெயருக்குப் புதிதாக எதையும் வைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் லிஸ்டுக்குள் ஒன்றைப் போடுகிறது, அவ்வளவுதான். அதையே += போட்டு எழுதச் சொல்லுங்கள், அது பெயருக்கே மறுபடி மதிப்பு வைப்பதால் பழைய பிழை திரும்ப வரும்.

பதினொன்றாம் வகுப்பு சி++ பழக்கமும் இங்கே காலை வாரும். அங்கே ஃபார் வரியில் அறிவித்த மாறி லூப்போடு முடிந்துவிடும். பைத்தானில் லூப் முடிந்த பிறகும் கடைசி மதிப்போடு நிற்கும், ஏனென்றால் இங்கே ஃபார், இஃப் எதுவும் தனி ஸ்கோப் உண்டாக்குவதில்லை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

எல்.இ.ஜி.பி.-யின் கடைசி எழுத்துக்கு ஆங்கிலத்தில் "list" என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வரியில் லிஸ்ட் ஃபங்ஷனை அழைத்தால் வரும் பிழையைப் பார்த்த பிள்ளைக்கு உள்ளிணைந்த பெயர்கள் எங்கே இருக்கின்றன, எப்படி மறைகின்றன என்று விளங்கிவிடும்.

பைத்தான் 3-இல் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். "மொத்தம்", "எடை" என்றே அடித்தால் ஓடும். தமிழ்வழிப் பிள்ளைகள் முதல் நாள் இதைப் பார்க்கும்போது முகமே மாறும். பொதுத் தேர்வில் வேண்டாம், லேபில் தாராளமாக எழுதட்டும்.

எல்லாருக்கும் கணினி கிடைக்காத பள்ளிகள் இருக்கும். புரொஜெக்டரில் ஒரே கணினி இருந்தாலும் நடத்தலாம். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும், அது மட்டும் கட்டாயம். எழுதாமல் பார்த்தால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இணையம் இருந்தால் பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளத்தில் இதே நிரல்களை ஒவ்வொரு வரியாக ஓட்டிக் காட்டுங்கள். எந்த மாறி எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்று படமாகவே வரும்.

ஜூன் மாதம் மூன்றாம் பாடத்துக்கு வரும்போது இரண்டு பீரியட் ஒதுக்க முடிந்தால் இந்தத் தக்காளிக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். உங்கள் ஊர் மாங்காய் மண்டி என்றால் மாங்காய் என்று மாற்றிக்கொள்ளுங்கள், பிழை அதேதான் வரும்.

இப்படிக்கு,
தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவன்