பஞ்சுக்குச்சியும் ஒரு கொலை வழக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ (மரபணு) விவரங்களைப் போலீஸ் சேர்த்துவைக்கும் மரபணுத் தகவல் தொகுப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் குழாய்களுக்கு லேபிள் ஒட்டியவன் நான். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2007-இல் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, முகம் தெரியாத ஒரு பெண்ணுடையது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் அதே டிஎன்ஏ! ஆளைக் காட்டிக்கொடுத்தால் 3 லட்சம் யூரோ என்றுகூட அறிவித்தார்கள். 2009-இல், இறந்துபோன ஓர் ஆணை அடையாளம் காண அவருடைய பழைய விண்ணப்பத்தில் இருந்த கைரேகையில் டிஎன்ஏ எடுத்துச் சோதித்தால், அதிலும் அந்தப் பெண்தான். அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சியில் கிருமி இல்லை, ஆனால் அவருடைய டிஎன்ஏ இருந்தது.

40 இடம் என்பதால்தான் சந்தேகம் வந்தது. ஒரே ஓர் இடமாக இருந்து, அந்தத் தொழிலாளிப் பெண்ணின் பெயரும் போலீஸ் தொகுப்பில் இருந்திருந்தால்?

நானே ஒருமுறை இரண்டு குழாய்களின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், "இது இவருடையதாக இருக்காதே" என்று திருப்பி அனுப்பியதால் தப்பித்தேன். டிஎன்ஏ பொருந்திவிட்டது என்று தாள் வந்தபின் அப்படிச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1986-இல் பிரிட்டனில், கொலையை ஒப்புக்கொண்டுவிட்ட 17 வயதுப் பையன் நிரபராதி என்று காட்டியதும் இதே டிஎன்ஏதான். என் சண்டை, வழக்கு முடிந்தபிறகும் மாதிரியை வைத்துக்கொள்வதோடு. அதே பிரிட்டனில், 11 வயதில் கைதாகி விடுதலையான ஒரு சிறுவனின் மாதிரியைப் போலீஸ் அழிக்க மறுத்தது. அது தனியுரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-இல் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டுரையில், குற்றத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்ற பகுதியைப் படித்தபோது உண்மையிலேயே பயம் வந்தது. துப்பாக்கி வன்முறையில் சிக்கக்கூடியவர்கள் யார் என்று கணிக்க, அமெரிக்காவின் சிகாகோ நகரப் போலீஸ் பொதுமக்களுக்கு 0 முதல் 500 வரை மதிப்பெண் போட்டது. தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை, கைதாகியிருந்தாலே கணக்கில் ஏறும். போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறதோ அந்தத் தெருவில்தான் கைது அதிகம். சரி, பிறகு அந்த மதிப்பெண் எதைக் கணித்தது? 2019-இல் அதைக் கைவிட்டார்கள்.

பெயர் தொகுப்புக்குள் எப்படிப் போகும் என்று கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அடுத்த இதழில், அது எப்படி வெளியே வரும், யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்