எதிராளியைக் காட்டாத டென்னிஸ் படம்

பாரிஸ்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லாரும் நலம். மே மாதக் கடைசியில் ரோலண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓப்பன்) போட்டி தொடங்கினால் இந்த ஊர்க்காரர்களுக்கு டென்னிஸும் சினிமாவும் ஒன்றாகிவிடும். செர்ஜ் டானே என்ற சினிமா விமர்சகரே லிபரேசியோன் நாளிதழில் டென்னிஸ் பற்றி எழுதியவர். இயக்குநர் ஜூலியன் ஃபரோ 2018இல் வெளியிட்ட, அமெரிக்க டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ பற்றிய ஆவணப்படம் இப்படிப்பட்ட ஊரில்தான் பிறக்கும். பேட்டி இல்லை, வாழ்க்கை வரலாறும் இல்லை. நீ படத்தொகுப்பு படிக்கிறாய், அவசியம் பார்.

கில் தெ கெர்மாடெக் என்பவர் பயிற்சிப் படங்களுக்காக 16 மி.மீ. பிலிமில் எடுத்தவற்றில் மிஞ்சிய சுருள்கள்தான் மூலம். அவை வென்சென் காட்டுப் பக்கம் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனக் காப்பகத்தில் இருந்தன. சொல்லிக்கொடுப்பதற்காக அடித்துக் காட்டும்போது இருக்கும் அசைவு நிஜ ஆட்டத்தில் இருப்பதில்லை என்று கண்டுகொண்ட பிறகு, அவர் கேமராவை ஆட்டத்துக்கே கொண்டுபோனார். ஒரே ஆட்டக்காரர் மீதுதான் குறி. பந்து சட்டகத்தைவிட்டுப் போய்விடும்; புள்ளி யாருக்கு என்பதை மெக்கன்ரோவின் தோளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

செலவையும் யோசி. 400 அடிச் சுருள் நொடிக்கு 24 சட்டகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். நான்கு மடங்கு மெதுவாகக் காட்ட 96 சட்டகம் வேண்டும்; மூன்று நிமிடம்கூட வராது. வேகம் கூடினால் கேமரா இரைச்சலும் கூடும், அதோடு ஒலியை ஒத்திசைக்கவும் முடியாது. மெதுகாட்சிக்குச் சத்தத்தைப் பிறகு சேர்க்க வேண்டியதுதான். மெக்கன்ரோவோ சின்னச் சத்தத்துக்கே எரிந்துவிழும் மனிதர், படக்குழு மீதும் சீறுகிறார்!

சர்வீஸைத் திரும்பத் திரும்பப் பார். இடக்கைக்காரர், இரு பாதங்களும் கோட்டுக்கு இணையாக, முதுகு ஏறக்குறைய வலைப்பக்கம். பந்து எந்தப் பக்கம் வரும் என்று எதிராளிக்குக் கடைசி வரை தெரியாது.

படத்தின் முடிவு 1984 ரோலண்ட் காரோஸ் இறுதி ஆட்டம். அந்த ஆண்டு அதுவரை தோற்காத மெக்கன்ரோ, இவான் லெண்டிலிடம் முதல் இரு செட்களை 6-3, 6-2 என எடுத்துவிட்டு 4-6, 5-7, 5-7 என்று விட்டார். செம்மண் தரை பந்தின் வேகத்தைத் தின்றுவிடும். வலைக்கு ஓடிவந்து அடிப்பவருக்கு அதுவே வினை. அந்த ஆண்டு முழுவதும் மெக்கன்ரோவுக்கு 82 வெற்றி, 3 தோல்வி. லெண்டிலுக்கோ அது முதல் கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றின் பட்டம்.

அம்மாவிடம் அடுத்த வாரம் பேசுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா