மான்களுக்குப் புள்ளி வைத்துத் தந்தவர்களுக்கு

என் சிறுவர் படப் புத்தகத்துக்காகக் கணினியில் வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை. நேற்று மாலை அச்சகத்திலிருந்து அழைத்து, 32 பக்கமும் சரி, அச்சுக்குப் பிளேட் போடப் போகிறோம் என்றார்கள். அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

முதலில் போட்டோகொப்பி எடுக்கிற கொமினிகேஷன் கடை அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணினியில் இருந்ததெல்லாம் போன பிறகு என்னிடம் மிஞ்சியவை நீர்வர்ணத்தில் கீறிய மூலப்படங்கள் மட்டும்தான். எல்லாம் ஏ3 அளவு, 300 ஜிஎஸ்எம் தடித்த கடதாசி. அவரிடம் இருந்ததோ ஏ4 ஸ்கேனர். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக எடுத்துப் பிறகு ஒட்ட வேண்டும்.

"ரெண்டாவது பாதிக்குப் படத்தைத் தலைகீழாத் திருப்பக் கூடாது தங்கச்சி" என்றார். ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழுமாம். நீர்வர்ணக் கடதாசியின் மேடுபள்ளங்களுக்கும் நிழல் உண்டு. திருப்பி வைத்தால் ஒரு பாதியில் நிழல் இப்படியும் மறுபாதியில் அப்படியும் விழும், ஒட்டின இடம் தனியாகத் தெரியும். நாள் முழுக்க அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொப்பி எடுக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிக்கிறார்.

சரி, திருப்பாமல் வைத்தால் மூடி இடிக்கிறது. நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தன் மெஷினின் மூடியையே கழற்றிவிட்டார். கடதாசி மேலெழாமல் இருக்கக் கணக்குக் கொப்பிகளை அடுக்கினார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் துடைத்தார். 300 டிபிஐ துல்லியம் போதும் என்றேன். "பிறகு பெரிசாக்க வேணுமெண்டா என்ன செய்வீங்க?" என்று 600இல் வைத்தார். கொப்பி எடுக்க வந்தவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க, சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம்" என்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

முதல் மான் பக்கம் வந்தபோதுதான் கேட்டார்: "புள்ளி எங்க?"

திருகோணமலை பிரெடெரிக் கோட்டை மான்களின் கதை அது. உடம்பைக் கடதாசியில் கீறி, புள்ளிகளைக் கிரிட்டா என்ற படம் கீறும் செயலியில் தனி அடுக்காகப் போட்டிருந்தேன். அந்த அடுக்கும் மற்றவற்றோடு போய்விட்டது. புள்ளிமானுக்குக் கிழடானாலும் புள்ளி மறைவதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் அவற்றைப் பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? மான் வருகிற பக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கடையின் பின்மேசையை எனக்கு விட்டுத் தந்தார். அங்கேயே வெள்ளைக் குவாஷ் வர்ணத்தைக் கரைத்துத் தூரிகையால் ஒவ்வொன்றாக வைத்தேன். கணினியில் போட்டதைவிட இது நன்றாக வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவு ஒன்றுபோல இல்லை, ஒரு மானுக்கு வரிசை கொஞ்சம் வளைந்துகூடப் போகிறது. கோட்டைக்குள் போய்ப் பாருங்கள், அங்கேயும் அப்படித்தான்.

காசு வாங்கினார். அதுவும் சாதாரண போட்டோகொப்பிக் கணக்கில்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மடிக்கணினியும் அதில் படம் கீறும் பேனாப் பலகையும் இரவல் தந்த நிலாவெளித் தோழி, இரண்டு பாதிகளையும் ஒட்டக் கூடவிருந்த தம்பி, ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிய தமிழைக் கொழும்பிலிருந்து இரவோடிரவாகத் திருத்தி அனுப்பிய நண்பர், திரையில் பளிச்சென்றிருந்த கடல்நீலம் அச்சு மையில் மங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி ஒரு மாதிரித் தாள் அடித்துக் காட்டிய அச்சகத்து ஐயா, கையில் காசைத் திணித்துவிட்டுப் போன மாமி.

ஒன்றை நேர்ந்துகொண்டிருக்கிறேன். வர்ணத் திருத்தமும் எழுத்தும் கணினியில் இருக்கட்டும். கதைக்கு உயிரான எதையும் இனித் திரையில் மட்டும் வைக்க மாட்டேன்.

முற்பணம் தந்துவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் காத்திருப்பவர்களே, உப்புவெளிக்கும் நகருக்கும் நானே சைக்கிளில் கொண்டுவந்து தருகிறேன். வெளியூருக்குத் தபாலில் வரும். முதல் பிரதி மட்டும் அந்தக் கடைக்கு.