காற்றைப் பார்த்து டிக்கெட் போடு

பாம்பன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ போன் பண்ணிய ராத்திரியிலிருந்து வீட்டில் ஒரே கப்பல் பேச்சுதான். ஜூன் லீவில் பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து புக்கெட்டுக்கு க்ரூஸ் போகிறோம், நீங்களும் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். உங்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கைப்பிள்ளையக் கொண்டுபோயி நடுக்கடல்லயா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா?" போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய், நானும் உன்னைப் பேச விடமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அத்தனை வருஷம் பெரிய கப்பல்களில் கேபின் துடைத்து, படுக்கை விரித்து, துண்டில் குரங்கும் யானையும் செய்து கட்டிலில் வைத்துச் சம்பாதித்த காசில்தான் நீ படித்தாய். பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் எதில் சந்தோஷப்படும், எதில் சண்டை போடும் என்று கேபின் கதவுக்கு வெளியே நின்றே தெரிந்துகொண்டவன் நான். கப்பலில் எத்தனை சறுக்கு இருக்கிறது, எந்த மாடியில் ஐஸ்கிரீம் என்று நீ பட்டியல் போட்டுச் சொன்னாய். காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான், அதுதான் தென்மேற்குக் காற்று, எழும்பிவிட்டால் தென்கடல் கொதிக்கும், வடகடல் குளமாகக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை திரும்பிவிட்டால் அப்படியே தலைகீழ். ரோட்டுப் பாலத்தில் பஸ் போகும்போது இந்த ஜன்னலில் ஒரு கடல், அந்த ஜன்னலில் ஒரு கடல் என்று நீ மாறி மாறி ஓடிப் பார்ப்பாயே, அதுவேதான். சிங்கப்பூருக்கு மேலேயும் அதே இரண்டு காற்றுதான் ஆட்சி. புக்கெட் தாய்லாந்தின் மேற்குக் கரை. நமக்குக் கச்சான் அடிக்கிற மாதங்களில், மே முதல் அக்டோபர் வரை, அந்தமான் கடலிலும் அலை தூக்கும். அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களை இறக்குவார்கள். ஏறி இறங்குகிற படகில் ஒரு கையில் கைப்பிள்ளை, ஒரு கையில் நாலு வயதுப் பையன், தள்ளுவண்டி யார் கையில் என்று யோசித்துப் பார். அலை கூடுதலாக இருந்தால் இறக்கவே மாட்டார்கள். கேப்டன் மைக்கில் மன்னிப்புக் கேட்பார், நீங்கள் ஊரை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்கு டிக்கெட் பணம் திரும்பி வராது. டிக்கெட்டின் பின்பக்கத்து எழுத்தில் அதெல்லாம் முன்கூட்டியே போட்டிருப்பார்கள்.

பினாங்கு அப்படியில்லை. மலாக்கா நீரிணைக்கு மேற்கே சுமத்ரா தீவு மறித்துக்கொண்டு கிடக்கிறது, காற்றின் வேகம் அங்கேயே செத்துவிடும். ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு அணையும். பலகையில் நடந்து இறங்கினால் ஊர். லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான், பெரியவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் தூங்குவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். ஆகவே ஜூன்தான் என்றால் பினாங்கு போய்த் திரும்புகிற மூன்று ராத்திரிக் கப்பல். டிசம்பர் லீவு வரை பொறுப்பாய் என்றால் தாராளமாகப் புக்கெட். டிசம்பரில் வியட்நாம் பக்கம் மலிவாகப் போகிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, தென்சீனக் கடலில் வாடை நேரே முகத்தில் அடிக்கும்.

உங்கம்மாவின் பயம் வேறு. அவள் பிறந்த குடும்பம் தனுஷ்கோடிக் குடும்பம். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள், கடல் என்றாலே அவளுக்கு அந்த ராத்திரிதான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே புயல் சுழன்று கட்டுவதே அபூர்வம் என்று சொன்னேன். 2001 டிசம்பரில் வாமெய் என்று ஒன்று வந்து ஜொகூரில் கரை ஏறியதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம் என்கிறாள் உன் சித்தி. இன்றைக்குப் புயல் கட்டுவது நாலைந்து நாள் முன்னாலேயே கப்பலுக்குத் தெரியும், வழியை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள்.

சின்னவளுக்கு ஜூனில் எட்டு மாதம் ஆகும். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிரம்பிய பிள்ளையை ஏற்றுவார்கள். நாள் கணக்கில் கரை தொடாமல் ஓடுகிற பயணம் என்றால் ஒரு வயது கேட்பார்கள். கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரி இல்லை, பில்லும் பயங்கரமாக வரும். ஆளை ஹெலிகாப்டரில் கொண்டுபோகிற செலவு வரைக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போடச் சொல் மாப்பிள்ளையிடம்.

கேபின் விஷயத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துப்போகாது, தெரியும். அவருக்குப் பால்கனி வேண்டும். பிள்ளை தூங்கும்போது வெளியே உட்கார்ந்து பேசலாம் என்பார், அது நியாயம்தான். ஆனால் பால்கனியில் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேசையும் போட்டிருப்பார்கள், நாலு வயதுப் பையனுக்கு அது ஏணி. நான் வேலை பார்த்த மாடியில் சின்னப் பிள்ளை இருக்கிற கேபின் என்று தெரிந்தால், யாரும் கேட்காமலேயே நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டுவிடுவேன். என்னைக் கேட்டால் நடுக்கப்பலில், கீழ் மாடியில், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த கேபின் போதும். ஆட்டம் அங்கேதான் குறைவு. வல்லத்தில் முதல் தடவை வருகிற ஆளை யாராவது அணியத்தில், முன்முனையில், உட்கார வைப்பார்களா? இங்கேயும் அதே நியாயம். இன்னொன்று, உங்கள் தலைக்கு மேலே நீச்சல் குளத்து மாடி வரக் கூடாது. விடியற்காலையிலேயே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள், அந்தச் சத்தத்தில் சின்னவள் எழுந்தால் அன்றைக்கு முழுக்க உங்களுக்கு விடிந்த மாதிரிதான்.

தொட்டிலுக்கு டிக்கெட் போடும்போதே எழுதிவிடு. ஏறின பிறகு கேட்டால் இருந்தால்தான் கொடுப்பார்கள். குளிக்கப் பெரும்பாலும் ஷவர்தான், தொட்டி இருக்காது. சின்னவளுக்குக் காற்றடைக்கிற சின்னத் தொட்டி ஒன்று மடித்துக் கொண்டுபோ. தள்ளுவண்டியும் குடைபோல மடிகிற ரகமாக இருக்கட்டும், கேபின் கதவு குறுகல். ஏறுகிற அன்று பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபின் வாசலுக்கு அது வந்து சேர சாயங்காலம் ஆனாலும் ஆகும். பால்பவுடர், பேம்பர்ஸ், மருந்து, ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு, எல்லாம் கைப்பையில். பால்பவுடரும் பேம்பர்ஸும் கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதே.

உங்கம்மா சின்ன ரைஸ் குக்கர் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறாள். வேண்டாம். கெட்டில், குக்கர், இஸ்திரிப்பெட்டி எதுவும் ஏற்றக் கூடாது, தீப்பிடித்தால் கடலில் ஓட இடமில்லை. எக்ஸ்ரேயில் பார்த்ததும் எடுத்து, டேக் கட்டி, கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். நம்மவர்கள் ஏறுகிற கப்பல்களில் அப்படி எடுத்து வைக்கிற அறைப் பக்கம் போனால் குக்கர் வரிசையாக உட்கார்ந்திருக்கும்! சிங்கப்பூர்க் கப்பல்களில் நம் சாப்பாடு தாராளமாக இருக்கும். வெறும் சோறு, பருப்பு, காரமில்லாமல் என்று முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லி வை. சின்னவளுக்கு மசித்துக் கொடுக்கச் சொன்னாலும் செய்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதே, கூச்சப்படுகிற குடும்பத்தின் பிள்ளைதான் பட்டினி கிடக்கும்.

குமட்டலைப் பற்றி. கைப்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை, இரண்டு வயதுக்கு மேல்தான் ஆரம்பம். பெரியவனைத்தான் கவனிக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உன் அப்பத்தா என்னைக் கூட்டிப் போனார். சின்னப் பையன் நான். அடியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரைக்கும் குடலே வெளியே வந்துவிடும்போல இருந்தது. அப்பத்தா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, மேலே இழுத்துப்போய் கம்பிப் பக்கத்தில் நிறுத்தி, "அந்தக் கோட்டையே பாரு, கண்ணு எடுக்காத" என்றார். கடலும் வானமும் சேர்கிற கோடு. அடங்கிவிட்டது. பின்னாளில் கப்பல் டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள், எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டு. வெறும் வயிறு கூடாது, கையில் வீடியோ பார்க்கிற டேப் கூடாது. மாத்திரை வேண்டுமானால் புறப்படும் முன்பே பிள்ளை டாக்டரிடம் கேட்டு வாங்கு. பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

உங்கம்மா பெரியவன் கடலில் விழுந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். எனக்குப் பயம் கப்பலுக்குள் இருக்கிற குளத்தின் மேல். கப்பல் லேசாகச் சாய்ந்தால் குளத்துத் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறும், இடுப்பளவு நின்ற பிள்ளைக்கு மறு நிமிஷம் கழுத்தளவு. சில கம்பெனிகள்தான் குளத்தருகே ஆள் போட்டிருக்கின்றன, பல கப்பல்களில் "உங்கள் பொறுப்பு" என்று பலகைதான். கையில் போன் இல்லாமல், ஒரு எட்டு தூரத்தில் நீங்கள் இரண்டு பேரில் ஒருவர் இருக்க வேண்டும். போன தடவை அரியமானில் படகில் ஏற்றியபோது பார்த்தேனே, லைஃப் ஜாக்கெட் கழுத்து வரைக்கும் ஏறி நிற்க, ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தண்ணீரில் விட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தான். பயமில்லாத பிள்ளை. நல்லதுதான், ஆனால் கண் வேண்டும்.

சின்னவளைக் குளத்தில் இறக்கவே விடமாட்டார்கள். பேம்பர்ஸ் போடுகிற பிள்ளைக்கு அனுமதி இல்லை, நீச்சல் பேம்பர்ஸ் ஆனாலும் சரி. சில கப்பல்களில் கைப்பிள்ளைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கிற இடம் உண்டு. பிள்ளைகள் கிளப்பும் மூன்று வயது நிரம்பி, கக்கூஸ் பழகின பிள்ளைக்குத்தான். பெரியவன் போகலாம், காலையில் ஒரு இரண்டு மணி நேரம் விடு. நாள் முழுக்க விட்டுவிட்டு நீங்கள் ஊர் சுற்றினால் ராத்திரி அவன் வஞ்சம் தீர்ப்பான்.

வாந்தி பேதி கப்பலில் ஒருவருக்கு வந்தால் ஒரு மாடிக்கே வரும். நோரோ வைரஸ் என்பார்கள். வாசலில் வைத்திருக்கிற ஜெல்லை நம்பாதே, அந்த வைரஸ் அதற்குச் சரியாக மசியாது. சோப்புப் போட்டுக் கழுவு. பஃபேயில் கரண்டிகளைப் பெரியவன் தொட வேண்டாம், நீயே பரிமாறு.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. புறப்படும் முன் ஆபத்துப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் சாய்ந்தபோது, அன்றைக்கு ஏறின பலருக்கு அந்தப் பயிற்சியே இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே நடத்த வேண்டும் என்று கண்டிப்பாக்கினார்கள். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடுகிற இடத்தில் தலையைக் காட்டினால் போதும் என்று பல கப்பல்களில் ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. லிஃப்டை விட்டுவிட்டு, கேபினிலிருந்து படிக்கட்டு வழியாக அந்த இடம் வரை பெரியவனை நடத்திக் கூட்டிப் போ. ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நெட்டையாக ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேள். பிள்ளை கையில் எண் போட்ட பட்டை கட்டுவார்கள், குளிக்கும்போதும் கழற்றாதே. சின்னவளுக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் கேபின் அலமாரியில் இருக்காது, கேபின் பையனிடம் முதல் வேலையாகக் கேட்டு வாங்கி வை. அவன் நம் ஊர்ப் பக்கத்துப் பையனாகவும் இருக்கலாம், பெயர் கேட்டுப் பேசு. கடைசி நாள் கையில் ஏதாவது கொடு.

நாங்கள் வருகிற விஷயம். நான் வருவேன், விருந்தாளியாக ஒரு தடவை அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்க வேண்டும். உங்கம்மா நேற்று ராத்திரி, "பினாங்குன்னா வழியில வேற ஆளு நடமாட்டம் தெரியுமா?" என்று கேட்டாள். மலாக்கா நீரிணையில் ராத்திரி முழுக்க மற்றக் கப்பல்களின் விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும் என்று சொன்னேன். சரி என்று சொல்லவில்லை, பாஸ்போர்ட்டை மட்டும் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தாள். தேதி முடிந்திருக்கிறது. புதுப்பிக்க மனுப் போடுகிறேன். நாங்கள் வருவதாக இருந்தால் உள்ளே கதவு வைத்துச் சேர்ந்திருக்கிற இரண்டு கேபினாக எடு. பிள்ளைகள் எங்களோடு தூங்கட்டும், மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் பால்கனியும் கிடைக்கும்.

பணம் கட்டும் முன் கப்பல் பெயர், தேதி, கேபின் எண், மாடிப் படம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன என்று பார்த்து அன்றைக்கே சொல்கிறேன். தள்ளுபடி முடிகிறது, ஒரு மணி நேரத்தில் கட்ட வேண்டும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவான். அடுத்த வாரம் இன்னொரு தள்ளுபடி வரும்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அப்பா