வெள்ளைக் கரையிட்ட செவ்வரத்தை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் இனிதே நிறைவேறியதை அறிந்து வீட்டார் எல்லோரும் மகிழ்ந்தோம். மாரி மழைக்குப் பின் உமது முற்றத்து வெள்ளைக் கரைச் செவ்வரத்தையில் பாதிக்குமேல் வெறும் பச்சையாகத் தழைத்துவிட்டதென்றும், அயலவர் மண்ணைக் குறை சொல்வதாகவும் எழுதியிருந்தீர். மண்ணில் குற்றமில்லை, காரணம் குருத்தின் நுனிக்குள் இருக்கிறது.

அங்கே கலங்கள் பெரும்பாலும் மூன்று படைகளாக அமைந்திருக்கும். இத்தகைய மரங்களில் அவற்றுள் ஒரு படை பச்சையம் ஆக்கும் ஆற்றலை இழந்தது. இலையின் ஓரம் அந்தப் படையிலிருந்து உருவாவதால் வெளுத்தும், நடுப்பகுதி உட்படையிலிருந்து உருவாவதால் பச்சையாகவும் இருக்கும். ஒரே செடிக்குள் இயல்பு வேறுபட்ட இழையங்கள் இவ்வாறு சேர்ந்து வாழ்வதை எர்வின் பவுர் என்னும் ஜேர்மானிய அறிஞர், வெள்ளை ஓரமுடைய பெலர்கோனியம் செடிகளை ஆராய்ந்து 1909இல் விளக்கினார். உட்படைக் கலமொன்று பிரியும்போது அந்த வெளுத்த படைக்குள் இடம்பிடித்துவிட்டாலோ, காயம்பட்ட இடத்தில் உட்படையிலிருந்து மட்டும் புதிய அரும்பு எழுந்தாலோ, அதிலிருந்து வரும் கிளை முழுப் பச்சையாகிவிடும்.

அப்படி ஒரு கிளை தோன்றுவது சிறிய விடயமே. அதன்பின் நடப்பதுதான் மரத்தை மாற்றுகிறது. இலை முழுவதாலும் உணவு ஆக்கும் அந்தக் கிளை, கரையிட்ட கிளைகளை முந்தி வளர்ந்து அவற்றை நிழலில் தள்ளிவிடும்; நம் பக்கத்துக் கச்சான் காற்றில் வெள்ளை ஓரங்கள் எளிதில் கருகுவதும் அதற்கே சாதகமாகும். முழு வெள்ளையாக எழும் கிளையோ தாய்மரம் ஊட்டும்வரைதான் நிற்கும்.

ஆகவே பச்சைக் கிளைகளைப் பிஞ்சிலேயே, அவை புறப்பட்ட அடியோடு வெட்டிவிடும். இடையில் நறுக்கினால் எஞ்சிய கணுக்களிலிருந்தும் பச்சையே தழைக்கும். உரமிட்டு அந்த வெள்ளையை மீட்க முடியாது.

பச்சையாவது மரத்துக்கு நல்லதுதானே, விட்டுவிடலாமே என்று கேட்டிருந்தீர். மரத்தின் பலத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் இந்தக் கரை விதைவழி வருவதில்லை. யாரோ ஒருவர் கண்டு, தடி வெட்டி நட்டு, கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் கைவிட்டால் அந்த வரிசை அறுந்துவிடும் என்பதே என் கவலை. நடும் முறையிலும் கவனம் வேண்டும்: மஞ்சள் ஓர மருள் செடியின் இலைத்துண்டை நட்டால் வெறும் பச்சைக் கன்றுதான் முளைக்கும், கரை வேண்டுமானால் கிழங்கைப் பிரித்தே நடவேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வரும்போது, கரை தெளிவாக விழுந்த கிளையில் இரண்டு தடிகள் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாரும். கடற்காற்றுப் படாத மதிலோரத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

உமது அன்பு நண்பன்