ஷாப்பிஃபை ஆப் எழுதுவோருக்கு: போகும்போது உங்கள் நிரலையும் எடுத்துச் செல்லுங்கள்

ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைத் தளத்தில் இயங்கும் கடைகளுக்கு ஆப் எழுதும் சென்னை, கோவை நண்பர்களுக்கும் மற்ற ஊர் நண்பர்களுக்கும்,

வணக்கம். சின்னச் சின்ன ஆன்லைன் கடைகளின் தீம் கோப்புகளை, அதாவது கடைப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல் கோப்புகளை, பராமரிப்பது என் தொழில். ரிவ்யூ, விஷ்லிஸ்ட், பாப்-அப், கவுண்ட்டவுன் டைமர் என்று கடைக்காரர்கள் ஆப்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் எடுத்துவிடுகிறார்கள். அட்மின் பக்கத்தில் ஆப்பின் பெயர் மறைந்ததும் எல்லாமே போய்விட்டது என்று நம்புகிறார்கள். பல சமயம் போவதில்லை.

ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்இன்ஸ்டாலை அழுத்தியதுமே ஆப்பின் அனுமதி ரத்தாகிவிடுகிறது. அந்தச் செய்தியோடு வெப்ஹுக் (ஷாப்பிஃபை தானாக அனுப்பும் அறிவிப்பு) உங்கள் சர்வருக்கு வந்து சேரும்போது, தீம் கோப்பைத் தொடவே உங்களால் முடியாது. தீம் கோப்பைத் தொடாமல் ஸ்கிரிப்ட் டேக் வழியாகச் சேர்த்தது தானாக நீங்கிவிடும். கடையின் பக்கங்களுக்குப் பொதுவான 'தீம்.லிக்விட்' கோப்புக்குள் நேரடியாக எழுதியது அங்கேயே கிடக்கும். தளத்தின் அமைப்பு அப்படி, சரி. ஆனால் அந்த வரிகளை எழுதியது நீங்கள். எங்கே எழுதினீர்கள் என்பதும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பருத்திச் சேலை விற்கும் ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு தள்ளுபடி ஆப் இருந்தது. பழைய விலை ஒரு கணம் தெரிந்து மறையக் கூடாது என்பதற்காக, விலை வரும் இடத்தில் 'ஓபாசிட்டி ஜீரோ' என்று, அதை முழுக்க மறைக்கும் ஒரு சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கான நிரல்) வரியை அது சேர்த்திருந்தது. ஆப்பின் ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகு விலை தெரியும். ஆப்பை எடுத்ததும் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுபோனது, அந்த ஒரு வரி மட்டும் தங்கிவிட்டது. படம் இருக்கிறது, 'கார்ட்டில் சேர்' பொத்தான் இருக்கிறது, விலையைக் காணோம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் "ரேட் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கடைக்கார அம்மாவும் சலிக்காமல் பதில் போட்டுக்கொண்டிருந்தார். அட்மினில் விலை சரியாகத் தெரிந்ததால், கடைப் பக்கத்தில் அது மறைந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. வேண்டாத ஸ்னிப்பெட் கோப்பை (தீமின் சிறு நிரல் துண்டு) யாரோ அழித்திருப்பார்கள், அதை அழைக்கும் 'ரெண்டர்' வரியை விட்டிருப்பார்கள். 'லிக்விட் எரர்' என்ற வாக்கியம் அப்படியே வாடிக்கையாளர் கண்ணில் படும். இதையெல்லாம் தேடி எடுப்பதில் என்னைப் போன்றவர்களுக்குக் காசு கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அது கடைக்காரர் செய்திருக்க வேண்டாத செலவு.

இப்படித் தங்கும் நிரலால் கடைப் பக்கத்தின் வேகம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய பயம், உங்கள் டொமைனிலிருந்து கோப்பை இழுக்கும் வரி கடையில் தங்கிவிடுவதுதான். நாளைக்கு நீங்கள் நிறுவனத்தை மூடி, டொமைனைக் கைவிட்டால் அது யார் கைக்கும் போகலாம். பழைய பிரவுசர்களுக்கு உதவும் ஸ்கிரிப்டைப் பல தளங்களுக்கு வழங்கிவந்த பாலிஃபில்.ஐஓ டொமைன் 2024 தொடக்கத்தில் கைமாறியது. அதே ஆண்டு ஜூனில், அதிலிருந்து ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டிருந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியாகத் தீங்கான நிரல் பரவியது தெரியவந்தது. அந்தத் தளங்கள் தங்கள் பக்கம் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

2021-இல் ஷாப்பிஃபையின் புதிய தீம் அமைப்பான ஆன்லைன் ஸ்டோர் 2.0 வந்ததிலிருந்து, தீம் கோப்பைத் தொடாமலே நிரலைச் சேர்க்கும் தீம் ஆப் எக்ஸ்டென்ஷன் என்ற நல்ல வழி இருக்கிறது. ஆப் பிளாக், ஆப் எம்பெட் மூலம் சேர்த்தவை ஆப்போடு சேர்ந்தே நீங்கிவிடும். புதிதாக எழுதுபவர்கள் தயவுசெய்து அதையே பயன்படுத்துங்கள்.

பழைய தீம்களுக்காகக் கோப்பில் எழுதியே ஆக வேண்டும் என்றால், ஆப்பின் அமைப்புகள் பக்கத்தில் 'என் நிரலை நீக்கு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அன்இன்ஸ்டாலுக்கு முன்னால் அதை அழுத்த வேண்டும் என்று முதல் நாளே கடைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். 'கஸ்டம்-ஸ்கிரிப்ட்' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் அது யாருடையது என்று எங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? கோப்பின் பெயரில் ஆப்பின் பெயர் இருக்கட்டும். சேர்த்த வரிகளுக்கு மேலும் கீழும் ஒரு கமென்ட் போடுங்கள். மெட்டாஃபீல்டு (பொருள் முதலியவற்றோடு சேர்த்துவைக்கும் கூடுதல் தகவல்), பொருட்களில் ஒட்டிய டேக், தனி டெம்ப்ளேட் என்று வேறு எதையெல்லாம் விட்டுப்போவீர்கள் என்பதை உதவிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்புறம், ஆப்பையே நிறுத்தும் நிலை வந்தாலும் டொமைனை விட்டுவிடாதீர்கள். பழைய முகவரியில் ஒரு வெற்றுக் கோப்பாவது சில ஆண்டுகள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடைகளின் தீம் கோப்புகளைப் பராமரிக்கும் ஒருவர்